முப்பத்து மூன்றரை மார்க் வாங்கிய இரண்டு வண்டிகள்

அருள்புரம்,
ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஒன்பது.

பெருமதிப்பிற்கும் கொஞ்சம் மனத்தாங்கலுக்கும் உரிய மச்சான் பாண்டித்துரை அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு பதினாறு வருடமாகத் தாக்குப்பிடித்துவரும் பெரியகருப்பன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். தங்கள் தங்கை சித்ராதேவியும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். என்னோடு அளவுக்கு மேல் பேசி ஐந்து வாரம் ஆகிறபடியால் நேரில் விசாரித்து எழுத வாய்ப்பில்லை. அருப்புக்கோட்டையில் தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் மூட்டுவலி இறங்கியிருக்கும் என்றும், அதோடு சேர்ந்து என் மேல் உள்ள கோபமும் இறங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் எவனாவது கடிதம் எழுதுவானா என்று கேட்பீர்கள். நான் என்ன செய்வது? வண்டி விஷயமாக நான் அனுப்பிய பதினான்கு நிமிட வாய்ஸ் மெசேஜைப் பாதி கேட்டுவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். மீதிப் பாதியில்தான் முக்கியமான விஷயமே இருந்தது. நல்லவேளையாகத் தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. ஆகவே பொறுமையாகக் கடைசி வரை படிக்க வேண்டும். முப்பது வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக நின்று, சில்லறை இல்லாதவன் புலம்பலையெல்லாம் கேட்டவர் நீங்கள். சொந்த மாப்பிள்ளையின் புலம்பலைக் கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

விஷயத்தின் வேர் உங்களுக்குத் தெரியும். உங்கள் மருமகள் அபிராமி ஆறாம் வகுப்புக்கு அமராவதி நகரில் உள்ள உறைவிடப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். பரீட்சை எழுதி, நம் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத மூளையோடு தானாகவே இடம் வாங்கினாள். அங்கே பெற்றோர் பிள்ளையைப் பார்க்க மாதத்தில் ஒரே ஒரு நாள்தான்: இரண்டாவது ஞாயிறு, காலை பத்து முதல் மாலை நான்கு வரை. போன மாதம்தான் முதல் தடவை. அதிகாலையிலேயே சீயமும் சீடையும் கட்டிக்கொண்டு, பதினாலு வருடம் உழைத்த நம் பழைய நூறு சிசி வண்டியில் கிளம்பினோம். குடிமங்கலம் தாண்டி ஒரு காற்றாலைக்குக் கீழே வந்ததும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துவிட்டது. தலைக்கு மேல் அவ்வளவு பெரிய காற்றாடி சும்மா சுற்றிக்கொண்டிருக்க, கீழே நான் கிக்கரை மிதித்து மிதித்துக் கால் வீங்கி நின்றேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஒரு பஞ்சர் கடையில் மத்தியானம் தாண்டியும் பிரித்துப் பார்த்து ஆகாமல் அங்கேயே போட்டுவிட்டு, தேங்காய் மட்டை ஏற்றிய டெம்போவில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். கேட் சாத்தியாகிவிட்டது. வாட்ச்மேன் நல்ல மனிதர், சீயத்தை மட்டும் உள்ளே அனுப்பினார். தூரத்தில் ஹாஸ்டல் வராந்தாவில் நின்று பிள்ளை கையை ஆட்டினாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும் மச்சான். நாங்கள் சங்கடப்படக் கூடாதென்று சிரித்தாள். பதினோரு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய மனசு இருக்கக் கூடாது. திரும்பி வரும்போது தங்கள் தங்கை உடுமலைப்பேட்டை வரைக்கும் சீடை டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தாள். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அடுத்த ரெண்டாவது ஞாயிறு பத்து மணிக்கு எம்புள்ள முன்னாடி நான் நிப்பேன். நீங்க எதுல வருவீகளோ வாங்க."

அன்று ராத்திரி தங்களிடம் போனில் யோசனை கேட்டேன். "பஸ்ல போங்க மாப்ளே" என்றீர்கள். மச்சான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது யோசனை இல்லை, தொழில் பாசம். இட்லிக் கடைக்காரனிடம் மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் இட்லி என்றுதான் சொல்லுவான். அதனால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், புது வண்டி வாங்குவது என்று அன்றைக்கே சத்தியம் செய்தேன். தினமும் கம்பெனிக்குப் போய்வரவும் வேண்டும், மாதத்துக்கு ஒருநாள் அமராவதி நகர் வரை எண்பது கிலோமீட்டர் நோகாமல் போகவும் வேண்டும், பிள்ளைக்கு லீவு விட்டால் அப்படியே மூணாறு வரை மலை ஏறவும் வேண்டும். தினசரிக்கும் நெடும்பயணத்துக்கும் ஒரே வண்டி. கம்பெனி நம் வீட்டிலிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர்தானே, நடந்தே போகலாமே என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே வரை கேட்கிறது. பசீர் பாய் கம்பெனியின் ஃபைனல் செக்கிங் இன்சார்ஜ் நடந்து வந்தால், நாளைக்கு டெய்லர் எவனாவது என் ரிஜெக்ஷனை மதிப்பானா?

இருபத்திரண்டு வருடமாக நான் செய்கிற வேலை ஒன்றுதான். தைத்து வந்த பனியனை டேபிளில் விரித்து, உள்ளே வெளியே திருப்பி, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது. அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே தப்பு இருக்கிறது என்று அர்த்தம். நூல் விட்டிருந்தாலும் அம்பு, பட்டன் இல்லாவிட்டாலும் அம்பு. இந்தக் கை ஒட்டிய அம்பைப் பார்த்து வெளிநாட்டுக்காரன் ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. பனியனையே இப்படிப் பார்ப்பவன் வண்டியைச் சும்மா வாங்குவானா? நாற்பத்தொரு பாயிண்ட் வைத்து ஒரு சார்ட் போட்டேன். மைலேஜ், சீட் உயரம், பின்சீட்டில் உட்காரும் மனுஷிக்குப் பிடிமானம், சேலை சக்கரத்தில் சிக்காத கம்பி, சீடை டப்பா வைக்க இடம், ஹார்ன் அடித்தால் கோபமாகக் கேட்கிறதா கெஞ்சுகிற மாதிரி கேட்கிறதா என்பது வரைக்கும். முப்பத்தெட்டாவது பாயிண்டாக 'மச்சான் பார்த்தால் என்ன சொல்வார்' என்றும் ஒரு பாயிண்ட் உண்டு. அதில் எல்லா வண்டிக்கும் சைபர்தான் போட்டிருக்கிறேன்.

சார்ட்டை முதலில் மெக்கானிக் நல்லானிடம் காட்டினேன். பழைய வண்டியை டெம்போவில் ஏற்றிவந்து அவர் கடையில்தான் போட்டிருந்தேன். சேவூர்ப் பக்கத்து ஆளான நல்லான், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தபடி என் சார்ட்டை முழுதாகப் படித்தார். படித்துவிட்டு, "ஏனுங் மாஸ்டர், இது வண்டி வாங்கறதுக்குங்களா, பொண்ணு பாக்கறதுக்குங்களா?" என்றார். அப்புறம் என் பழைய வண்டியைக் காட்டி, "டேங்க்குக்குள்ள பூராப் பனியன் நூலுங்க. மூடி ரப்பர் போச்சுன்னு நீங்க துணிய வெச்சு அடைச்சிருக்கீங்க, அது பிரிஞ்சு பெட்ரோல்ல எறங்கி அடைச்சுக்கிச்சுங்க. பத்து நிமிச வேலை, எடுத்துப்போட்டனுங்க. வண்டி இன்னும் பத்து வருசம் ஓடுமுங்க" என்றார். நான் அசரவில்லை. "வண்டி ஓடும் நல்லான், ஆனா மனசு விட்டுப்போச்சு" என்றேன். "மனசுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்காதுங்களே" என்று தலையைச் சொறிந்துகொண்டார். உன் கடையிலேயே கிடக்கட்டும் என்று சாவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவர் மனைவி மருதாள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பொம்பளை வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிற பொம்பளை, ஆம்பளைகளின் யோசனைகளைக் கண்டால் அதற்குச் சிரிப்பு வரும்.

முதல் ஷோரூமில் நடந்ததை நீங்கள் வேறு மாதிரி கேள்விப்பட்டிருக்கலாம், நடந்தது இதுதான். டேப், ஸ்டிக்கர் அட்டை, வெள்ளைத் துணி மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். முன்னால் நூற்றறுபது சிசி வண்டி ஒன்று பளபளவென்று நின்றது. எங்கள் தொழிலில் சாயம் நிற்கிறதா என்று பார்க்கத் துணியில் தேய்ப்போம், காய்ந்த துணியில் ஒரு தடவை, ஈரத் துணியில் ஒரு தடவை. அதே மாதிரி டேங்க்கைத் தேய்த்தேன். வெள்ளைத் துணி கருப்பாக வந்தது. "கலர் போகுதே சார்" என்றேன். அது பாலிஷ் என்று மேனேஜர் சொன்னார். எல்லாச் சாயப்பட்டறைக்காரனும் அப்படித்தான் சொல்லுவான். உட்கார்ந்தேன், எழுந்தேன், அடியில் படுத்தேன், கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் அம்பு ஒட்டினேன். சீட் தையலில் மட்டும் ஆறு. ஒரு இன்ச்சுக்கு எத்தனை தையல் வர வேண்டும் என்று அந்தச் சீட்டைத் தைத்தவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மொத்தம் இருபத்து மூன்று அம்பு ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ஒரு குடும்பமே நிற்கிறது. கையில் மாலை, தேங்காய், எலுமிச்சம்பழம். அது காட்சிக்கு வைத்த வண்டி இல்லையாம், சேவூரிலிருந்து டெலிவரி எடுக்க வந்தவர்களின் வண்டியாம்! அந்த வீட்டு அம்மா சென்னம்மாள் என்று பேர், வண்டியை ஒருமுறை சுற்றி வந்து அம்புகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். "ஏஞ் சாமி, இத்தன கொறை இருக்கற வண்டியவா எம்மவன் தலைல கட்டப் பாத்தீங்க? இந்தக் கண்ணு மட்டும் வந்து அம்பு போட்டுக் காட்டுலைன்னா என்ன ஆயிருக்கும்?" என்று என் தலையைத் தடவினார். எனக்கு நாற்பத்தேழு வயது. அந்த அம்மா மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, மகனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் அழவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே என் போட்டோ அவினாசி வரை எல்லா ஷோரூம் வாட்ஸ்அப்பிலும் போய்விட்டது.

என் போட்டோ போகாத இடமாகத் தேடிப் பல்லடம் பக்கம் ஒரு கடையைக் கண்டுபிடித்து, அங்கே முந்நூற்றைம்பது சிசி வண்டியைக் கேட்டேன். மச்சான், அதன் சத்தம் இருக்கிறதே, நம் ஊர்க் கோயில் கொட்டு மாதிரி வயிற்றில் அடிக்கிறது. என் உயரம் உங்களுக்குத் தெரியும், கல்யாணப் போட்டோவில் என்னை மணைப்பலகை மேல் நிற்க வைத்ததே நீங்கள்தான். ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலில் ஒன்றுதான் தரைக்கு எட்டுகிறது, அதுவும் கட்டை விரல் மட்டும். சிக்னலில் நின்றபோது ஓர் இளநீர் வண்டியின் விளிம்பில் காலை ஊன்றிக்கொண்டேன். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர, நானும் கொஞ்ச தூரம் அவனோடு போக வேண்டியதாகிவிட்டது. பின்னால் கடையின் சேல்ஸ்மேன் சரவணக்குமார் உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனால் என் இடுப்பை விடவே இல்லை. வந்தது வந்தோம், தினமும் வேலைக்குப் போகும் பாதையிலேயே ஓட்டிப் பார்ப்போம் என்று நம் கம்பெனி வாசலுக்கு விட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது. திருப்பூரில் வண்டியின் பின்சீட்டைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. பசீர் பாய் வாசலில் நின்றவர், யார் வண்டி என்ன வண்டி என்றுகூடக் கேட்கவில்லை. "மாஸ்டர், கரெக்டா வந்தீங்க, இந்தக் காலர் பண்டலை அப்படியே கரைப்புதூர்ல போட்டுட்டு வந்துருங்க" என்று சரவணக்குமாரின் மடியில் மூட்டையை வைத்துவிட்டார். பழக்க தோஷம், நானும் கிளம்பிவிட்டேன். கரைப்புதூரில் காலரை இறக்கினால், தைத்து முடித்த பனியன் கை பீஸ் இரண்டு மூட்டையை ஏற்றினார்கள். அதை இறக்கப் போன இடத்தில் பட்டன் அட்டைப்பெட்டி. எட்டு நடை. ஷோரூமிலிருந்து போன் மேல் போன். சரவணக்குமார் எடுக்கவில்லை, இரண்டு கையிலும் மூட்டை. இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து நாங்கள் திரும்பியபோது அங்கே போலீஸுக்கு எழுதவேண்டிய புகாரில் வண்டியின் நிறம் வரை எழுதி முடித்திருந்தார்கள். நான் என்ன சொல்கிறேன் என்றால், வண்டி பண்டல் ஏற்றியும் முனகவில்லை, அதற்காக இரண்டு மார்க் கூட்டிப் போட்டேன். சரவணக்குமார் இப்போது எங்கள் டிஸ்பேட்ச் செக்ஷனில் இருக்கிறார். ஒரு மூட்டைகூட விழாமல் பிடித்தாரே என்று பாய் அன்றைக்கே கூப்பிட்டுக்கொண்டார். ஷோரூமைவிட இங்கே டென்ஷன் குறைவு என்கிறார். பாவம், இன்னும் ஷிப்மெண்ட் நேரத்தை அவர் பார்க்கவில்லை.

இதற்கிடையில் தங்கள் தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், மூத்தவர் என்கிற முறையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அவளுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. ஐந்து வாரமாகக் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினை விட்டு எழுந்ததும் நேரே மருதாளோடு மாரியம்மன் கோயில். கோயிலுக்கு ஷூ போட்டுக்கொண்டு போகிறாள். கேட்டால் வழியில் கல் குத்துகிறதாம். ஒருநாள் முட்டியில் தோல் வழன்று வந்தாள், முட்டி போட்டு வலம் வந்தாளாம். சேலையெல்லாம் விளக்கு எண்ணெய், அதுவும் கருப்பு எண்ணெய், இந்தக் கோயிலில் என்ன எண்ணெய் ஊற்றுகிறார்களோ தெரியவில்லை. ஆதார் கார்டும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும்கூடக் கேட்டிருக்கிறார்கள், அன்னதான டோக்கனுக்காம். தூக்கத்தில் இடது கையை இறுக்கி இறுக்கி விடுகிறாள். அருள் வரும்போது அப்படி ஆகும் என்று டெய்லர் ஒருத்தி சொன்னாள். ஆனால் ஒன்று, என் ஆராய்ச்சியில் அவளுக்கும் அக்கறை வந்திருக்கிறது. போன வாரம் அவளாகவே, "ஏங்க, கிளட்ச்ச மெதுவா விட்டாலும் வண்டி ஏன் குதிக்குது?" என்று கேட்டாள். ஐந்து வாரத்தில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. முக்கால் மணி நேரம் விளக்கிச் சொன்னேன். முதல் இரண்டு நிமிஷம் நன்றாகத்தான் கேட்டாள்.

இன்றைக்குக் காலையில் நாலு மணிக்கே எழுந்து சீயம் சுட்டு, புளியோதரை கிண்டி, பெரிய தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு மருதாளின் நேர்த்திக்கடன் பொங்கலுக்கு என்று தங்கள் தங்கை போயிருக்கிறாள். போகும்போது, "நெசமாவே வரலியா?" என்று கேட்டாள். "நீ போய்க் கும்பிடு, எனக்குச் சார்ட் வேலை இருக்கிறது" என்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் டேபிளில் இருந்த அம்பு ஸ்டிக்கர் அட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோயிலில் அதற்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. பக்தியில் குறை காணக் கூடாது.

இன்றைக்குத்தானே இரண்டாவது ஞாயிறு என்று நீங்கள் காலண்டரைப் பார்க்க எழுந்திருப்பீர்கள், உட்காருங்கள். அதையும் நான் யோசித்துவிட்டேன். எங்கள் தொழிலில் ஷிப்மெண்ட் தேதிக்குள் சரக்கு முடியாவிட்டால் யாரும் தலையில் கை வைத்துக்கொள்ள மாட்டோம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு ஒரு மெயில் போடுவோம், ஒரு வாரம் எக்ஸ்டென்ஷன் கொடுத்துவிடுவான். அதே மாதிரி பள்ளி முதல்வருக்குப் போன வாரம் மெயில் போட்டேன். 'தவிர்க்க இயலாத காரணங்களால் வாகனம் இறுதி செய்யப்படாத நிலையில், பெற்றோர் சந்திப்பு நாளை ஒரு வாரம் நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன், தங்களின் மேலான ஒப்புதலை எதிர்பார்க்கிறேன்' என்று இங்கிலீஷில் மரியாதையாக எழுதினேன். பதில் வரவில்லை. மூன்று நாளில் மறுப்பு வராவிட்டால் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஆகவே சந்திப்பு நாள் அடுத்த ஞாயிறு. தங்கள் தங்கையிடம் இதைச் சொன்னேன். அவள் எழுந்து போய் ஷூவை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள்.

இப்போது தங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு உதவி. சார்ட்டில் கடைசியாக நிற்பவை இரண்டு வண்டிகள்: நூற்றறுபது, முந்நூற்றைம்பது. இரண்டுக்கும் நாற்பத்தொன்றுக்குச் சரியாக முப்பத்து மூன்றரை மார்க். மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். சின்னதை எடுத்தால் கால் தரையில் இருக்கும், மனசு தரையில் இருக்காது. பெரியதை எடுத்தால் மனசு நிறைந்துவிடும், காலுக்கு ஒரு மணைப்பலகை கட்டித் தொங்கவிட வேண்டும். எது என்று தாங்கள் ஒரு வார்த்தையில் எழுத வேண்டும். எழுதியதோடு நிற்காமல், தங்கள் தங்கைக்கும் போன் போட்டு, உன் புருஷன் ஐந்து வாரம் சும்மா சுற்றவில்லை, பிள்ளைக்காகத்தான் பாடுபட்டிருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மட்டும் உண்மை மச்சான். போன மாதம் கேட்டுக்கு வெளியே நின்றபோது நான் எனக்குள் சொல்லிக்கொண்டது, இனி என் பிள்ளையை ஒருநாளும் காத்திருக்க வைக்க மாட்டேன் என்பதுதான். அதற்காகத்தான் இவ்வளவும்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சிறியவர்களுக்கு என் ஆசியையும், என்னை பிளாக் செய்தவர்களுக்கு என் மன்னிப்பையும் பகிர்ந்து கொடுக்கவும். வீட்டில் எல்லாரும் நோய் நொடி இல்லாமல், பஞ்சர் இல்லாமல் வாழ அந்த மாரியம்மனை, தங்கள் தங்கை வழியாக, வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை வழிமேல் விழி வைத்துப் பார்க்கும் தங்கை மாப்பிள்ளை,
பெரியகருப்பன்,
ஃபைனல் செக்கிங்.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது எதற்கும் பதில் வேண்டாம். கவரை ஒட்டப் போன நேரத்தில் போன் வந்தது. வீடியோ கால். தங்கள் தங்கை. கோயிலில் இல்லை, அமராவதி நகரில் இருக்கிறாள். நம் பழைய வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நிற்கிறாள். ஐந்து வாரமாக நல்லான் கடைக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் மருதாள் அவளுக்கு வண்டி பழக்கியிருக்கிறது. லைசன்ஸ்கூட எடுத்துவிட்டாளாம், அன்னதான டோக்கன் என்றது அதைத்தான். மருதாளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எண்பது கிலோமீட்டர், வழியில் ஒரு இருமல்கூட இல்லையாம். பத்து மணிக்குக் கேட் திறந்தபோது முதல் ஆளாக நின்றாளாம்.

பிள்ளை போனை வாங்கினாள். "அப்பா, நீங்க எழுதின மெயில வார்டன் மேடம் மெஸ்ல எல்லார் முன்னாடியும் வாசிச்சாங்க. அழகான இங்கிலீஷ்னு சொன்னாங்க. ஆனா தேதிய மாத்த முடியாதாம்" என்றாள். "நல்ல வண்டி அமையல கண்ணு" என்றேன். "பஸ் இருக்குல்லப்பா" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாமல் இருக்குமோ என்று பாவமாகச் சொன்னாள்.

வைத்தபிறகு பிள்ளை அம்மாவின் போனிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். பழைய வண்டி சீட்டில் பிள்ளை முன்னால், அம்மா பின்னால், இருவர் வாயிலும் சீயம். வண்டிக்குப் பக்கத்தில் சுவர் ஓரமாக ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்தக் காலி இடத்தைக் காட்டிச் சுவரில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது, கீழே பிள்ளையின் கையெழுத்தில் 'மிஸ்ஸிங்' என்று எழுதியிருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை லட்சம் அம்பு ஒட்டியிருப்பேன், என் மேல் ஒன்று ஒட்டினால் எப்படி வலிக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். சரியான இடத்தில்தான் ஒட்டியிருக்கிறாள். மறுத்துப் பேச ஒன்றுமில்லை.

இதை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோணல் எழுத்தை மன்னிக்கவும். பல்லடத்தில் ஏறினேன், உடுமலைப்பேட்டையில் மாற வேண்டும். மூன்று மணிக்குள் போய்விடலாம் என்று கண்டக்டர் சொன்னார், அவரும் உங்களைப் போலவே சுருக்கமாகத்தான் பேசுகிறார். குடிமங்கலம் காற்றாலை இப்போதுதான் பின்னால் போனது. ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது, சீட் தையல் நாலு இடத்தில் விட்டிருக்கிறது, மேல் கம்பி எனக்கு எட்டவில்லை. இதுவரை பதினொரு குறை பார்த்துவிட்டேன். ஆனால் ஸ்டிக்கர் அட்டை அவளிடம் இருக்கிறது, அதனால் பஸ் தப்பித்தது. நீங்கள் சொன்னது சரிதான் மச்சான், இட்லி நல்ல சாப்பாடுதான். இதை மட்டும் உங்கள் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள்.